அறுநூற்றுப் பன்னிரண்டு முதுகுகள்

ஈப்போவில் எங்கள் பயணப்படக் கழகத்துக்குப் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் பொறுப்பாளர்கள். மீதி மூன்று பேர் உபதலைவர் பதவி எப்போது காலியாகும் என்று காத்திருந்தவர்கள். நான் தலைவர். மற்ற நாட்களில் காப்புறுதி விற்பேன்; மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞன்.

இரண்டு வருடத்துக்கு முன் ‘சின்னக் கேமரா, பெரிய கலை’ என்று ஒரு பயிலரங்கு நடத்தினோம். விலையுயர்ந்த கேமரா இல்லாதவர்கள் ஊர் சுற்றப் போகும்போது நல்ல படம் எடுப்பது எப்படி என்பது விஷயம். இடம், அப்துல் நாசரின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்தியவருக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து, நானே கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கி வைத்திருந்த பொன்னாடையைச் செயலாளர் எனக்குப் போர்த்தியபோது மணி பதினொன்றேகால். கீழேயிருந்து நாசர் குரல் கொடுத்தார்.

"யுகேந்திரன் சார், பிரியாணி எறக்கியாச்சு. கலைய கொஞ்சம் சுருக்கமா முடிங்க லா!"

வந்தவர்களுக்குப் பத்து விதிகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தேன். ‘என் இருபதாண்டு அனுபவத்தின் சாறு’ என்று மேலே போட்டிருந்தது. உண்மையில் அது இரண்டு வாரச் சாறு. உலகம் சுற்றும் ஒரு வெள்ளைக்கார இளைஞன் யூடியூபில் சொன்னதையெல்லாம் எழுதி எடுத்துத் தமிழாக்கியிருந்தேன். அதில் நான்காவது விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘காட்சியின் முன்னால் நிற்பவர் கேமராவைப் பார்க்கக் கூடாது. முதுகு காட்டி, சிறியவராக நிற்கட்டும். நீங்கள் பின்னால் தள்ளிப் போங்கள்.’ அந்த இளைஞனின் எல்லாப் படங்களிலும் தொப்பி போட்ட ஒரு காதலி முதுகு காட்டி மலையையோ கடலையோ பார்த்துக்கொண்டு நிற்பாள். வருடத்துக்கு ஒரு தடவை காதலி மாறினாள், படங்கள் மாறவில்லை. அவனுக்கு அந்த விதி எவ்வளவு வசதியானது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"கேள்வி இருக்கா?" என்று கேட்டேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்பதுதான்.

முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா கையைத் தூக்கினார். "அப்ப மொகம் தெரிய வேணாமா சார்?"

"மொகம் வேணும்னா ஐசி கார்டுக்குப் படம் புடிக்கிற எடத்துக்குப் போங்கம்மா!"

அறையே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் தர்மேந்திரன். முப்பது வருடம் ஈப்போவுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் லோரி ஓட்டியவர். வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் படுத்தால் அதிகம். பிரியாணி சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய வெள்ளி நிறக் கேமரா ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பொத்தான், ஒரு சின்னத் திரை.

"இது போதுமா சார்?"

"கேமரா முக்கியமில்லைண்ணே. கண்ணுதான் முக்கியம்," என்றேன். அதுவும் அந்த வெள்ளைக்காரன் சொன்னதுதான்.

"முப்பது வருசம் ரோட்டத்தான் பாத்தேன் சார், ஒரு ஊரயும் பாக்கல. வீட்டையும் பாக்கல. இனிமே லதாவக் கூட்டிக்கிட்டு எடம் எடமா போவணும்."

லதா என்கிற புஷ்பலதா, கணவரின் இலையிலிருந்த முட்டையை எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டு சொன்னார். "கொலஸ்ட்ரால் சார் இவருக்கு. எடம் எடமா போறதுக்கு மொதல்ல ஆளு இருக்கணுமில்ல?"

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தர்மேந்திரன் வந்தபோது என் பத்து விதித் தாளை லேமினேட் செய்து, கேமரா உறையில் சொருகி வைத்திருந்தார். காப்புறுதிப் பத்திரத்தைக்கூட யாரும் அப்படிப் பத்திரப்படுத்தி நான் பார்த்ததில்லை. எனக்குப் புல்லரித்தது. கழகத்தில் நான் சொன்னதைச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

இருவரும் மாதத்தில் இரண்டு தடவை கிளம்பினார்கள். பழைய புரோட்டோன் காரில் பிளாஸ்க், புளிச்சோறு, ஒரு குடை. கேமரன் மலை, தைப்பிங் ஏரி, கோப்பெங் ஆறு, பாகான் செராய் வயல். அந்த வருடக் கழகப் போட்டியில் அவர் பாகான் டத்தோவில் எடுத்த படத்துக்கு முதல் பரிசு கொடுத்தோம். போட்டிக்கு வந்தவை நான்கு படங்கள், அதில் இரண்டு நடுவர்களுடையவை. இருந்தாலும் படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. தென்னை வரிசை, அதற்கப்பால் சேற்றுக் கடல், நடுவே சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பெண்ணின் முதுகு.

நான் பேசினேன். "இந்த முதுகில் ஒரு கடற்கரையின் தனிமை உறைந்திருக்கிறது. தனிமை, தேடல், இருத்தலின் கேள்வி..."

முன்வரிசையில் புஷ்பலதா பக்கத்திலிருந்த அம்மாவிடம் சொன்னது ஒலிபெருக்கியையும் தாண்டிக் கேட்டது. "கொசு கடிச்சிச்சுக்கா. சொறிய விடமாட்டேன்னுட்டாரு. அசையாத அசையாதன்னு ஒரே சத்தம்."

போன மாதம் புஷ்பலதா இறந்துபோனார். ஐம்பத்தேழு வயது. காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கூடையோடு உட்கார்ந்தார், எழவில்லை. நான் சாவு வீட்டுக்குப் போனேன், மலர்வளையத்தோடு. அதில் கழகத்தின் பெயர் பெரிதாகவும் இறந்தவரின் பெயர் அதைவிடக் கொஞ்சம் சிறிதாகவும் இருந்தது. தலைமாட்டில் விளக்கு எரிந்தது, படம் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. வைத்த இடத்திலிருந்து கழகத்தின் பெயர் தெரிகிறதா என்பதைக் கவனித்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் மத்தியானம் நாசர் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். தர்மேந்திரன் உள்ளே வந்தார். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. எதிரே உட்கார்ந்து கேமராவை மேசையில் வைத்தார்.

"ஒரு ஒதவி சார். பதினாறாம் நாளுக்கு லதா படம் ஃபிரேம் போடணும்."

"அதுக்கென்னண்ணே, தாங்க. கழகத்து செலவுலயே பெரிசா போட்டுருவோம்."

"எல்லாப் படமும் இதுலதான் இருக்கு." கேமராவை என் பக்கமாக நகர்த்தினார். "எல்லாத்துலயும் முதுகுதான் இருக்கு. உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கே சார், அதுல திருப்ப முடியுமா?"

"எதத் திருப்பணும்?"

"அவளத்தான். இந்தப் பக்கமா."

கையால் காட்டினார். லோரியைப் பின்னால் எடுக்கிறவனுக்கு வழி காட்டுவதுபோல, மெதுவாக, ஒரு அரைவட்டம்.

இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நாசர் விடுகிற ஆள் இல்லை. என் கலை வாழ்க்கையை இருபது வருடமாகக் கிண்டல் செய்தே கல்லாவில் பொழுது போக்குகிறவர். அவர் தர்மேந்திரனுக்குக் கொண்டுவந்த தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கல்லாவுக்குத் திரும்பினார்.

"வேற படம் ஒண்ணும் இல்லையாண்ணே? ஐசி?"

"சாவு பதியப் போனப்ப கவுன்டர்ல வாங்கிக்கிட்டாங்க. அது சட்டமாம். அப்புறந்தான் ஒரு காப்பி எடுத்திருக்கலாமேன்னு தோணிச்சு."

"அவங்க போன்ல?"

"முருகர் படம், பூப்படம், கொழம்புப் படம். அவ மட்டும் இல்ல."

"கல்யாணப் படம் இருக்குமில்ல?"

"இருக்கு. மகன் கோகிலன் பட்டம் வாங்குனப்ப எடுத்ததுகூட ஒண்ணு இருக்கு, பன்னெண்டு வருசமாச்சு." குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதுல இருக்கிறது கோகிலனோட அம்மா சார். நான் வீட்டுக்கு வந்தா சோறு போடும், துணி மடிச்சுக் குடுக்கும், லோரிக்குப் போயிருவேன். இந்த ரெண்டு வருசம் காருல பக்கத்துல ஒக்காந்து, வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்துச்சே, அதுதான் லதா. அது மொகம் ஒண்ணும் இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முடிக்கவில்லை.

"கண்ண மூடினா மொகம் வரமாட்டேங்குது சார். முதுகுதான் வருது. எப்பவும் அதத்தானே உத்துப் பாத்தேன், சின்னத் திரையில. நேரா நிக்கிதா, கோணலா நிக்கிதான்னு. பத்து நாளுதான் ஆவுது. இப்பவே இப்படின்னா..."

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். கழகத்தின் மடிக்கணினியைக் கையில் தூக்கிக்கொண்டு போனபோது ஏதோ மருத்துவர் போகிறமாதிரி எனக்கே ஒரு நினைப்பு. அந்த நினைப்பு வாசல்வரைதான் இருந்தது. மொட்டைத் தலையோடு கதவைத் திறந்த மகன் கோகிலன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ஜொகூரில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன்.

"நீங்கதான் அந்த சாரா?"

அந்த ‘அந்த’வைக் காதில் வாங்காததுபோலச் செருப்பைக் கழற்றினேன்.

சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து கேமராவின் நினைவு அட்டையைப் போட்டேன். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒன்றுவிடாமல் பார்த்தோம். படங்கள் நன்றாக இருந்தன. அதுதான் கொடுமை. அடிவானம் கோணவில்லை. வெயில் சரியான பக்கத்திலிருந்து விழுந்தது. அருவி, கோயில், ரயில் நிலையம், சுண்ணாம்புக் குன்று, எல்லாவற்றின் முன்னாலும் சரியான இடத்தில், சரியான அளவில், புஷ்பலதாவின் முதுகு. என் பத்து விதிகளுக்கு உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு சுத்தமான உதாரணம் கிடைக்காது.

ஆரம்பத்தில் பள்ளிக்கூட வரிசையில் நிற்பதுபோல விறைப்பாக நின்றிருந்தார். நூறு படம் தாண்டியதும் உடம்பு தளர்ந்தது. ஒரு காலை ஊன்றி, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். முந்நூற்றுக்குப் பிறகு சில படங்களில், இடது கை மட்டும் பின்னால் வந்து, இரண்டு விரல் எதையோ சொன்னது.

"அது என்னாங்க?" என்றேன்.

"சீக்கிரம் எடுத்துத் தொலைங்கன்னு அர்த்தம்," என்றார் தர்மேந்திரன். சிரிக்கப் பார்த்தார்.

கோகிலன் தன் போனை நீட்டினான். "அப்பா, இந்தா பாருங்க. பட்டமளிப்புப் படத்தையும் இந்த முதுகுப் படத்தையும் ஏஐல போட்டேன். திரும்பி நிக்கிறமாதிரி செஞ்சு குடுத்திருக்கு. வயசும் கூட்டிருக்கேன்."

போனில் பச்சைச் சேலையில் ஒரு பெண் தென்னை வரிசை முன்னால் நின்று சிரித்தாள். தோல் பளபளவென்று இருந்தது. பல்வரிசை முத்துமாதிரி. தொலைக்காட்சித் தொடரில் மாமியாராக வருகிற நடிகைகள் இப்படித்தான் இருப்பார்கள்.

தர்மேந்திரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யாருடா இது?"

கோகிலன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டான். கழுவ அங்கே ஒன்றும் இல்லை.

"ரெண்டு வருசத்துல ஒரு தடவகூடவா அவங்க திரும்பல?" என்று கேட்டேன்.

"திரும்பாம என்ன? ஒவ்வொரு தடவையும் திரும்பும். எடுத்தாச்சான்னு கேக்கத் திரும்பும். சும்மா வேணும்னே திரும்பிப் பல்லக் காட்டும். நான் பட்டன அமுக்கிருப்பேன், வந்து விழுந்துரும்."

"அதெல்லாம் எங்க?"

கேமரா உறையிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஏழாவது விதியில் விரலை வைத்தார். நான் படிக்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். ‘கெட்டுப்போன படத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கேயே, அப்போதே அழித்துவிடுங்கள். கலைஞன் குப்பை சேர்ப்பதில்லை.’

"அவ முன்னாலயேதான் அழிப்பேன்," என்றார். "என்னத்த அழிக்கிறீங்கன்னு எட்டிப் பாப்பா. கெட்டுப் போச்சு, நீ திரும்பிட்டேன்னு சொல்வேன்."

சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அந்த மேசையில்தான் முழுதாகத் தெளிந்தது. ஆனால் கணினியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அழித்த படம் உடனே போய்விடுவதில்லை, அட்டையில் அது இருந்த இடத்தில் வேறு படம் வந்து உட்காரும்வரை கிடக்கும். அதைச் சொன்னேன். சொன்னதும் தர்மேந்திரனின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று பயந்தேன்.

நாசரின் தம்பி அஸ்வான் கடைக்கு எதிர்வரிசையில் போன் பழுது பார்க்கிறார். மறுநாள் அட்டையை அவரிடம் கொடுத்தோம். தர்மேந்திரன் வீட்டுக்குப் போகவில்லை. காலை பத்திலிருந்து பிளாஸ்டிக் முக்காலியில், லோரிக்குச் சரக்கு ஏறுகிறவரை காத்திருக்கும் டிரைவர்மாதிரி உட்கார்ந்திருந்தார். நாசர் இரண்டு தடவை ரொட்டி கொடுத்தனுப்பினார். இரண்டும் ஆறிப்போயின.

மூன்று மணிக்கு அஸ்வான் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க அழிக்க அழிக்க அதுமேலயே எடுத்துட்டிருக்கீங்க. பழசு ஒண்ணும் மிச்சமில்ல. கடைசியா போன எடத்துல எடுத்தது மட்டும் ஒண்ணு கெடச்சிச்சு. அதுவும் பாதிதான்."

கடைசியாகப் போன இடம் எனக்குத் தெரியும். கோப்பெங் பக்கம், புஷ்பலதா பிறந்த தோட்டம். கித்தா என்கிற ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது செம்பனை. தொழிலாளர் லயங்களை இடித்துப் பல வருடமாகிறது. மாரியம்மன் கோயில் மட்டும் தகரக் கூரையோடு நிற்கிறது. அங்கே தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார் புஷ்பலதா, பாகான் செராயில் நடக்க முடியாமல் இருக்கிற அக்கா காளியம்மாவுக்கு அனுப்ப. அக்காவும் அங்கே பிறந்தவர்தான். தர்மேந்திரன் எடுத்தார், அச்சுப் போட்டு அனுப்பினார். அக்கா போனில் கேட்டது கழகம் முழுக்கப் பரவி நாங்களெல்லாம் சிரித்தோம். ‘கோயிலு தெரியுது. முன்னுக்கு நிக்கிற பொம்பள யாரு?’

அஸ்வான் திரையைத் திருப்பினார்.

என் பத்து விதிகளில் ஒன்பதை மீறியிருந்த படம். சாய்ந்திருந்தது. ஓரத்தில் தர்மேந்திரனின் கட்டைவிரல் மங்கலாகத் தெரிந்தது. தகரக் கூரையில் பட்ட வெயில் பின்னாலிருந்து கூசியது. அதன் நடுவில், படத்தை அடைத்துக்கொண்டு, கேமராவை நோக்கி நடந்துவந்த புஷ்பலதா. வியர்வையில் ஒட்டிய நரைமுடி. கரைந்து மூக்குவரை இறங்கிய குங்குமம். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. கண்ணில் பாதி கோபம், பாதி வேறென்னவோ. மூக்கு நுனியோடு படம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம்.

"கீழ் பாதி?" என்று கேட்டேன்.

"இதுக்கப்புறம் எடுத்த படம் தின்னுருச்சு சார்."

இதற்குப் பிறகு எடுத்த படம், அக்காவுக்கு அனுப்பியது. விதிப்படி எடுத்தது.

தர்மேந்திரன் முக்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். புருவத் தழும்பின்மேல் விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை.

"கித்தாப் பால்வாளி பட்டது. சின்னப் புள்ளையில," என்றார். "மறந்தே போச்சு சார் எனக்கு."

அஸ்வான் மெல்லக் கேட்டார். "கீழ கம்ப்யூட்டர்ல போட்டு நெரப்பிறலாம்ணே. வாய், தாடையெல்லாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"வேணாம் லா."

"நல்லா வரும்ணே, நான் பாத்து—"

"அப்ப அவ பேசிக்கிட்டிருந்தா தம்பி. கம்ப்யூட்டரு சிரிக்க வெச்சிரும்."

என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. தர்மேந்திரனாகவே என் பக்கம் திரும்பிச் சொன்னார், குற்றம் சொல்கிறமாதிரி இல்லை, தகவல் சொல்கிறமாதிரி.

"இங்கயாவது மொகத்த எடுங்க, நான் பொறந்த எடம், உங்க சாரு ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு சொன்னா. சொல்லிக்கிட்டேதான் வந்தா. கைதவறி அமுங்கிருச்சு. அழிச்சிட்டு, போ, போய் ஒழுங்கா நில்லுன்னு அனுப்பினேன். போயி நின்னா."

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு நானும் போனேன். மலர்வளையம் இல்லை, பொன்னாடை இல்லை. கூடத்தில் நாற்காலிமேல் வெள்ளைத் துணி விரித்துப் படத்தை வைத்திருந்தார்கள். ஃபிரேம் கடையில் கீழ்ப்பாதியை வெட்டிவிடலாம் என்றார்களாம். தர்மேந்திரன் சம்மதிக்கவில்லை. அப்படியே, முழு அளவில், சாம்பல் நிறத்தோடு சேர்த்துப் போட்டிருந்தார். பூசை செய்ய வந்தவர் அதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சம்பங்கி மாலையை எடுத்து, கீழே கனமாகத் தொங்குகிறமாதிரி வாட்டமாகப் போட்டார். மாலை சரியாக மூக்குக்குக் கீழே விழுந்து மற்றதை மறைத்தது. இப்போது அது ஒரு முழுப் படத்தில் பாதியை மாலை மறைத்ததுபோல இருந்தது.

வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பாராட்டினார்கள்.

"கண்ணு அப்படியே பேசுது பாரேன்."

"யாரு எடுத்த படம்?"

கூட்டத்தில் யாரோ என்னைக் காட்டி, அவர்தான் படக் கழகத்துத் தலைவர் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையா எடுத்திருக்கீங்க சார். உசுரு இருக்கு அதுல." இருபது வருடத்தில் என் கலையைப் பற்றி வெளியாள் ஒருவர் மனதாரச் சொன்ன முதல் பாராட்டு அது. நான் எடுக்கவில்லை என்றேன். பெரியவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் குலுக்கினார்.

வண்டி வைத்து அழைத்துவந்திருந்த காளியம்மா அக்கா மட்டும் நாற்காலியைப் படத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி மாலையை விலக்கினார். சாம்பல் நிறம் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையும் பார்த்துவிட்டு மாலையை விட்டார்.

"இது நம்ம லதாதான்," என்றார்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. கோகிலன் வாடகை நாற்காலிகளை மடக்கி வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் செருப்பைத் தேடியபோது தர்மேந்திரன் கூப்பிட்டார். தாடியை எடுத்து, வெள்ளைச் சட்டையை மாற்றி நீலச் சட்டை போட்டிருந்தார். கையில் கேமரா.

"எனக்கு ஒண்ணு எடுத்துருங்க சார்."

"என்னண்ணே இப்ப..."

"அப்புறம் கோகிலன் அலையக் கூடாது. நேரா எடுங்க. ஐசிக்கு எடுக்கிறமாதிரி."

நாற்காலியிலிருந்து எடுத்துச் சுவரில் புதிதாக ஆணியடித்து மாட்டியிருந்த படத்துக்குக் கீழே போய் நின்றார். சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். கேமராவைக் கண் முன்னால் பிடித்தேன். திரையில் அவர் தெரிந்தார், சுவர் தெரிந்தது, மாலையின் அடிப்பக்கம் தெரிந்தது. என் கால் தானாகப் பின்னால் போனது. ஓர் அடி, இன்னோர் அடி. குளிர்சாதனப் பெட்டியில் முதுகு இடித்தது.

"எங்க போறீங்க சார்? கிட்ட வாங்க."

போனேன்.

"இன்னும்."

இன்னும் போனேன். திரையில் அவர் முகம் மட்டும்தான் இருந்தது. இமைக்காமல் கேமராவையே பார்த்தார். பொத்தானை அமுக்கினேன். திரையில் படம் மங்கலாக வந்தது.

"ஆடிருச்சா?"

"ஆடிருச்சுண்ணே. இருங்க, இத அழிச்சிட்டு இன்னொண்ணு—"

அவர் என் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டும் சார்," என்றார். "அழிக்காதீங்க."